பெலாஜியுஸா, அகுஸ்தீனா? நல்லவராக வாழ்வது நம் கையில் இருக்கிறதா?

பனையோலை:

நல்லவராக வாழ நம் முயற்சியே போதுமா, கடவுளின் அருள் (கிருபை) வேண்டுமா என்று ஆதித் திருச்சபையில் நடந்த பெரிய வழக்கைப் பேசும்போதெல்லாம் ஒரே சித்திரம்தான் வரையப்படுகிறது. பெலாஜியுஸ் மனிதனை நம்பிய இளகிய மனசுக்காரர். அகுஸ்தீன் மனிதனைப் பாவப் பிண்டமாகப் பார்த்த வட ஆப்பிரிக்க ஆயர். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. இருவரில் கறாரானவர் பெலாஜியுஸ்தான். ஏன் என்று சொல்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

பெலாஜியுஸ் பிரிட்டனிலிருந்து வந்தவர். குருப்பட்டம் பெறாதவர். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் ரோமில் துறவியைப் போல வாழ்ந்து, செல்வர் வீடுகளில் ஆசானாக மதிக்கப்பட்டார். 380-இல் பேரரசர் தெயோதோசியுஸ் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஆக்கிய பிறகு, பதவிக்காகவும் ஊரோடு ஒத்துப்போகவும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் பெருகிவிட்டார்கள். பேருக்குக் கிறிஸ்தவர்கள். பெலாஜியுஸின் வயிற்றெரிச்சல் அதுதான். "நான் பலவீனன், என்ன செய்வேன்" என்ற பேச்சைக் கேட்டாலே அவருக்கு ஆகாது.

ரோமில் ஓர் ஆயர் அவர் முன்னிலையில், அகுஸ்தீன் தம் வாழ்வைக் கடவுளிடம் அறிக்கையிடும் 'கன்ஃபெஷன்ஸ்' நூலிலிருந்து ஒரு வரியைச் சொன்னார்: "நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும்." பெலாஜியுஸுக்குத் தாங்கவில்லை, சண்டைக்கே போய்விட்டார். பின்னாளில் அகுஸ்தீனே இதை எழுதி வைத்திருக்கிறார்.

410-இல் அலாரிக்கின் கோத் படை ரோமைச் சூறையாடியது. பெருங்குடும்பங்கள் வட ஆப்பிரிக்காவுக்கு ஓடின. அப்படிப் போன அனிச்சியுஸ் குலத்துப் பெண் டெமெத்ரியாஸ், திருமணம் வேண்டாம் என்று கன்னிமை வாக்குக் கொடுத்தபோது பெலாஜியுஸ் அவளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கடவுள் நீதியுள்ளவர், ஆகவே முடியாததைக் கட்டளையிட மாட்டார்; நம் வலிமையைக் கொடுத்தவருக்கு அதன் அளவு தெரியும். இதுதான் அந்தக் கடிதத்தின் அடித்தளம். கேட்க எவ்வளவு நம்பிக்கை தருகிறது! ஆனால் அடுத்த படியைப் பாருங்கள். முடியும் என்றால் செய்தே ஆக வேண்டும். செய்யாதவனுக்கு ஒரு சாக்கும் இல்லை. 415-இல் பாலஸ்தீனத்தின் டியோஸ்போலிஸில் ஆயர்கள் அவரை விசாரித்தபோது படிக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, தீர்ப்பு நாளில் பாவிகளுக்கு இரக்கமே கிடையாது, நித்திய நெருப்புதான் என்று அவர் சொன்னார் என்பது. அவர் அதை மறுக்கவில்லை. நற்செய்தியே அப்படித்தானே சொல்கிறது என்று பதில் சொன்னார்.

அகுஸ்தீன் கேட்டது வேறு கேள்வி. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைச் செய்ய எனக்கு ஏன் ஆசை வருவதில்லை? 412-இல் எழுதிய 'ஆவியும் எழுத்தும்' முழுக்க இதைப் பற்றித்தான். சட்டம் வெளியே நின்று சொல்லும். அருள் உள்ளே வந்து, நல்லதில் இன்பம் காண வைக்கும். தூய ஆவி நம் இதயங்களில் அன்பைப் பொழிந்திருக்கிறார் என்ற ரோமர் 5:5-ஐ அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். பயத்தில் திருடாதிருப்பவன் இன்னும் நல்லவன் ஆகவில்லை என்பது அவர் முடிவு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஈரோட்டுக்காரன்:

//இருவரில் கறாரானவர் பெலாஜியுஸ்தான்//

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இந்த வழக்கை ஆர்வமாக வாசித்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த கைக்குழந்தைக்குத் தண்டனை உண்டு என்று சொன்னது யார்? பெலாஜியுஸா? ஆதாம் செய்த குற்றத்தைப் பிறந்த பிள்ளையின் தலையில் கட்டியது யார்? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

இன்னொன்று. கடவுளை நம்பாத ஒருவர் பசித்தவனுக்குச் சோறு போடுகிறார். வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லாமல் வாழ்கிறார். உங்கள் அகுஸ்தீன் கணக்கில் அது நன்மையில் சேராது. எல்லா நல்லதும் மேலிருந்து வருவது என்றால் அந்த மனிதர் வியர்வை சிந்தியதற்கு என்ன மதிப்பு? பெலாஜியுஸ் அந்த வியர்வையை மதித்தார். எனக்கு அவரைப் பிடிக்க அதுவே போதும்.

பனையோலை:

ஈரோட்டுக்காரரே, குழந்தைகள் விஷயத்தில் நான் அகுஸ்தீனுக்காக வாதாட மாட்டேன். அவர்களுக்கு மிக மிக இலேசான தண்டனைதான் என்று சொல்லிப் பார்த்தார். அது ஆறுதலே இல்லை. பெலாஜியுஸ் பக்கம் நின்ற இத்தாலிய ஆயர், எக்லானம் நகர ஜூலியன் அவரை நேருக்கு நேர் கேட்டது இதைத்தான்: பால்குடிப் பிள்ளையைத் தண்டிக்கிறவரை நீதியுள்ள கடவுள் என்று எப்படிச் சொல்வாய்? கிழட்டு வயதில் அகுஸ்தீன் அந்த ஜூலியனுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். 430-இல் இறந்தபோது அந்தப் புத்தகம் முடியவில்லை.

நம்பாதவர்களின் நன்மை பற்றி ஆதிச் சபையில் ஒரே குரல் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின் எழுதிவிட்டார்: வார்த்தையானவரோடு (கிறிஸ்துவோடு) ஒத்து வாழ்ந்தவர்கள் கிறிஸ்தவர்களே, நாத்திகர் என்று பழிக்கப்பட்டாலும் சரி. கிரேக்கர்களில் அவர் பெயர் சொன்ன இருவர் தத்துவஞானிகளான சாக்ரடீஸும் ஹெராகிளிட்டஸும். இதை நீங்கள் முகம் சுளிக்காமல் ஏற்பீர்களோ தெரியவில்லை, ஆனால் சொன்னவர் அதைப் பெரிய மரியாதையாகவே சொன்னார்.

அகுஸ்தீன் அவ்வளவு தாராளம் இல்லை. 'கடவுளின் நகரம்' நூலின் ஐந்தாம் பகுதியில் பழைய ரோமர்களின் நேர்மையை, எளிமையை, நாட்டுக்காக உயிர் கொடுத்ததைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார். பிறகு கேட்கிறார்: இவ்வளவும் எதற்காக? புகழுக்காக. ஓர் ஆசையைக் கொண்டு மற்ற ஆசைகளை அடக்கினார்கள். 'அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது' என்ற மலைப்பொழிவு வசனத்தை அங்கே வைக்கிறார். அவருக்குச் செயல் மட்டும் போதாது; செய்கிறவனின் அன்பு எதை நோக்கி ஓடுகிறது என்பதே கணக்கு. வியர்வையை அவர் இழிவாகப் பேசவில்லை. யாருக்காகச் சிந்தினாய் என்று கேட்டார். கோயில் திருவிழாவில் டியூப் லைட் கொடுத்துவிட்டு அதில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிற ஊரில் வாழ்கிற எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே தெரிகிறது.

மாதா கோவில் தெரு:

நல்ல இழை. இருவரையும் விட்டு ஒரு நிமிடம் கப்பதோக்கியாவுக்கு (இன்றைய துருக்கியில்) வாருங்கள்.

368, 369 வாக்கில் அங்கே கொடும் பஞ்சம். தானியத்தைப் பதுக்கி வைத்தவர்கள் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். அப்போது செசரியாவில் குருவாக இருந்த புனித பசிலியார், 'என் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன்' என்று சொன்ன மூடச் செல்வனின் உவமையை எடுத்துப் பிரசங்கம் செய்தார். நீ பிடித்து வைத்திருக்கிற அப்பம் பசித்தவனுடையது. உன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற மேலாடை ஆடையில்லாதவனுடையது. பிச்சை போடு என்று அவர் கெஞ்சவில்லை. அது உன்னுடையதே இல்லை, நீ வைத்திருப்பது திருட்டு என்றார். பிறகு கொப்பரைகளில் கஞ்சி காய்ச்சி மக்களுக்கு ஊற்ற ஏற்பாடு செய்தார். ஆயரான பின் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் இல்லங்கள் கட்டினார். தொழுநோயாளிகளைத் தானே தொட்டு அணைத்தார்.

ஆதிக் கிறிஸ்தவர்களின் நல்வாழ்வு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கொப்பரைதான். பெலாஜியுஸின் சீடர் வட்டத்திலிருந்து வந்த ஒரு சிறு நூலும் இதே திசையில் பேசுகிறது: பணக்காரனை அகற்று, ஏழையைக் காணமாட்டாய். எழுதியவர் பெயர் இல்லாத நூல். அதில் உள்ள கோபம் மட்டும் இன்றைக்கும் சுடுகிறது.

புனித அகுஸ்தீனாரின் எண்ணத்தை நன்றாகப் புரிந்துகொள்ள யோவானின் முதல் திருமுகம் பற்றிய அவரது ஏழாவது மறையுரையைப் படியுங்கள். தகப்பன் பிள்ளையை அடிக்கிறான். பிள்ளை பிடிக்கிற அடிமை வியாபாரி தட்டிக் கொடுத்துக் கொஞ்சுகிறான். கையை மட்டும் பார்த்தால் வியாபாரியே நல்லவன். வேரைப் பார்க்க வேண்டும் என்கிறார். 'அன்பு செய், பிறகு நீ விரும்புவதைச் செய்' என்ற அவரது புகழ்பெற்ற வரி அங்கேதான் வருகிறது.

ஈரோட்டுக்காரன்:

பசிலியார் பேசியது எனக்கு முழுச் சம்மதம். கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறவன் ஊற்றுகிறவனின் உள்நோக்கத்தை விசாரிப்பதில்லை. நோக்கத்தைத் தோண்டிக்கொண்டே இருந்தால் கஞ்சி ஆறிப்போகும். அதனால்தான் அகுஸ்தீன் பக்கம் எனக்கு ஒட்டவில்லை.

கிழக்கு வாசல்:

மாதா கோவில் தெரு அவர்கள் சொன்ன மறையுரையை இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அது சும்மா அன்பைப் பற்றிய பேச்சு இல்லை. ஆப்பிரிக்காவில் பிரிந்து நின்ற தொனாத்திஸ்து சபையோடு சண்டை நடந்த காலம் அது. அன்பினால் அடிக்கிற தகப்பன் என்ற உவமை, அரசாங்கத்தின் அடக்குமுறையை நியாயப்படுத்தவும் கை கொடுத்தது. 408 வாக்கில் எழுதிய ஒரு கடிதத்தில் அகுஸ்தீன் வெளிப்படையாகச் சொல்கிறார்: முதலில் கட்டாயம் கூடாது என்று நினைத்தேன், நடந்ததைப் பார்த்து மனம் மாறினேன். விருந்துக்கு ஆட்களை வருந்தி (அதாவது கட்டாயப்படுத்தி) அழைத்துவா என்ற லூக்கா 14-ஐ அதற்குச் சாட்சி ஆக்கினார்.

உள்ளே அன்பு இருந்தால் வெளியே எதுவும் செய்யலாம் என்று ஆகிவிட்டால், ஈரோட்டு நண்பர் சொல்வது சரியாகிவிடுகிறது. அடி வாங்குகிறவனுக்கு அடிக்கிறவனின் அன்பு வலி குறைப்பதில்லை. அகுஸ்தீனை மதிக்கிறவர்கள் இதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது.

மூன்றாம் வார்டு:

வணக்கம். நான் இறையியல் படித்தவள் இல்லை. குடிநோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றில் செவிலியர். இந்த இழையை இரவுப் பணியில் வாசித்தேன்.

அகஸ்டினுடைய 'கன்ஃபெஷன்ஸ்' எட்டாம் புத்தகத்தை எனக்கு ஒரு சிஸ்டர் கொடுத்தார். அதில் ஒரு சங்கிலி வரும். கோணலான விருப்பத்திலிருந்து இச்சை. இச்சைக்கு இடம் கொடுத்தால் பழக்கம். பழக்கத்தை எதிர்க்காவிட்டால் கட்டாயம். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய அந்த நான்கு கண்ணிகளை நான் வார்டில் தினமும் பார்க்கிறேன். இன்னோர் இடத்தில், மனம் கையை அசை என்று சொன்னால் கை உடனே அசைகிறது, மனம் மனத்துக்கே கட்டளையிட்டால் அது கேட்பதில்லை, இது என்ன விபரீதம் என்று கேட்கிறார். எங்களிடம் வருகிறவர்களுக்கு இதை வாசித்துக் காட்டினால் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள்.

குடியை விட வேண்டும் என்று அவர்கள் உண்மையிலேயே ஆசைப்படுகிறார்கள். வீட்டில் எல்லோரும் சொல்வது "மனசு வைச்சா முடியும், நீ வைக்கல." அந்த வார்த்தை அவர்களைக் கொன்றுபோடுகிறது. அதற்காக "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டாலும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், கவுன்சிலிங்குக்கு வருவதில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள், அவர்களிடம் நான் எதைச் சொல்வது?

கிழக்கு வாசல்:

அக்கா, உங்கள் கேள்வியை ஏறக்குறைய அப்படியே அகுஸ்தீனிடம் கேட்டிருக்கிறார்கள். 426, 427 வாக்கில் ஆப்பிரிக்காவின் ஹத்ருமேத்தும் மடத்துத் துறவிகள் அவருடைய எழுத்தைப் படித்துக் குழம்பிப் போனார்கள். எல்லாம் அருள்தான் என்றால் மடத்தலைவர் என்னை ஏன் கண்டிக்கிறார்? எனக்காக ஜெபம் மட்டும் செய்யட்டுமே என்றார் ஒருவர். அகுஸ்தீன் அவர்களைத் திட்டவில்லை. அவர்களுக்காக இரண்டு நூல்கள் எழுதினார். கண்டிப்பும் கடவுள் பயன்படுத்துகிற மருந்து, அதை நிறுத்தாதீர்கள் என்பது சுருக்கம். உங்கள் மாத்திரைக்கும் கவுன்சிலிங்குக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

ஆனால் எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் யோவான் காசியன். எகிப்தின் பாலைவனத் துறவிகளோடு வருடக்கணக்கில் வாழ்ந்து, பிறகு மார்செய்யில் மடங்கள் நிறுவியவர். அவருடைய 'உரையாடல்கள்' நூலின் பதின்மூன்றாவது உரையாடலில் ஓர் உழவன் வருகிறான். உழுகிறான், விதைக்கிறான், உடம்பு நோகப் பாடுபடுகிறான். மழை பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. உழாதவன் நிலத்தில் மழை பெய்தும் ஒன்றும் இல்லை. கடவுள் எப்போதும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்கிறார் காசியன். மத்தேயுவையும் பவுலையும் கடவுளே முதலில் இழுத்தார். இயேசுவைப் பார்க்கச் சக்கேயு தானே மரத்தில் ஏறினான், சிலுவையில் தொங்கிய கள்ளன் தானே கேட்டான். யார் முதல் அடி வைத்தது என்று ஒரே சூத்திரம் எழுதக் காசியன் மறுத்தார். பாலைவனத்தில் நிஜ மனிதர்களின் விழுதலையும் எழுதலையும் பார்த்தவர் அல்லவா.

பசிலியாரின் தம்பி நீஸா கிரகோரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோசேயின் வாழ்வைப் பற்றிய நூலில் அவர் சொல்வது, நற்பண்புக்கு எல்லைக்கோடு கிடையாது. வளர்ந்துகொண்டே இருப்பதுதான் நிறைவு. பெலாஜியுஸின் 'நிறைவு' எட்டிப் பிடிக்க வேண்டிய ஒரு குறி. கிரகோரியின் நிறைவு நடந்துகொண்டிருப்பது. இன்று ஒரு நாள் குடிக்காதவனைக் கிரகோரி எப்படிப் பார்ப்பார் என்று யோசியுங்கள்.

ரோமர் ஐந்து:

சகோதரரே, காசியனை நான் அப்படியே ஏற்க மாட்டேன். முதல் அடி சில நேரம் நம்முடையது என்றால் கடைசியில் பெருமையும் கொஞ்சம் நம்முடையதாகிவிடும். அகஸ்டினே ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தார். 396 வாக்கில் மிலானைச் சேர்ந்த சிம்பிளிசியானுக்குப் பதில் எழுதும்போது 1 கொரிந்தியர் 4:7 அவரைத் திருப்பியது: உன்னிடம் இருப்பவற்றில் நீ பெற்றுக்கொள்ளாதது எது? மனித சித்தத்தின் சுதந்திரத்துக்காகப் போராடினேன், தேவகிருபையே வென்றது என்று முதுமையில் தம் நூல்களைத் திரும்பிப் பார்க்கும்போது எழுதினார்.

529-இல் தென் பிரான்சின் ஆரஞ்சு நகரில் அர்ல் நகர ஆயர் செசாரியுஸ் தலைமையில் கூடியவர்களும் அதையே உறுதி செய்தார்கள். விசுவாசத்தின் ஆரம்பமும் கிருபைதான். அதே மூச்சில், தேவன் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்பவர்களைச் சபித்தார்கள். அகஸ்டினின் இருண்ட பக்கத்துக்குள் அவர்கள் போகவில்லை. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். பிலிப்பியர் 2:12-ஐயும் 13-ஐயும் பிரிக்காமல் வாசித்தால் போதும்: பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே.

பனையோலை:

மூன்றாம் வார்டு அக்காவுக்கு:

பெலாஜியுஸை மிகவும் கோபப்படுத்திய அந்த வரி, 'நீர் கட்டளையிடுவதைத் தாரும்', எங்கே வருகிறது தெரியுமா? பத்தாம் புத்தகத்தில். அகுஸ்தீன் மனம் திரும்பிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் இப்போது ஆயர். ஊரே அவரைப் புனிதராகப் பார்க்கிறது. அங்கே உட்கார்ந்து தம் சோதனைகளை ஒவ்வொன்றாக எழுதுகிறார்: தூக்கத்தில் வரும் காமக் கனவுகள், பசிக்குச் சாப்பிடத் தொடங்கி ருசிக்குச் சாப்பிட்டு முடிப்பது, பாடலின் பொருளைவிட ராகத்தில் மயங்குவது, பாராட்டுக்கு ஏங்குவது. சோம்பேறியின் சாக்கு என்று பெலாஜியுஸ் காதில் விழுந்தது, விடாமல் போராடிக்கொண்டிருந்த ஒருவரின் ஜெபம்.

நோயாளிகளிடம் சொல்ல ஒரு வாக்கியம் கேட்டீர்கள். 415-இல் பெலாஜியுஸுக்கு மறுப்பாக அகுஸ்தீன் எழுதிய 'இயல்பும் அருளும்' நூலில் இருக்கிறது. கடவுள் முடியாததைக் கட்டளையிடுவதில்லை. கட்டளையிடும்போதே, உன்னால் முடிந்ததைச் செய், முடியாததைக் கேள் என்று நினைவூட்டுகிறார். முதல் பாதி பெலாஜியுஸும் சொன்னதுதான். இரண்டாம் பாதிதான் வழக்கு. 'கேள்' என்பதற்குப் பெலாஜியுஸின் கணக்கில் இடமே சுருங்கிப்போகிறது. (1547-இல், லூத்தரின் சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்லக் கூடிய கத்தோலிக்கத் திரெந்து சங்கம் இதே வாக்கியத்தை எடுத்துக்கொண்டது. லூத்தரும் அகுஸ்தீன் சபைத் துறவிதான். இரு தரப்பும் அகுஸ்தீன் வீட்டுப் பிள்ளைகள்.)

அதே இடத்தில் அகுஸ்தீன் நல்ல சமாரியன் கதையை எடுக்கிறார். நாம் பேசுவது கள்ளர் குற்றுயிராக விட்டுப்போன மனிதனைப் பற்றி. விழுந்தது போல அவனால் எழுந்துவிட முடியாது. சத்திரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்றாலும் இன்னும் சிகிச்சையில்தான் இருக்கிறான் என்கிறார். அந்தச் சத்திரம்தான் திருச்சபை. கறாரானவர் அகுஸ்தீன் இல்லை என்று நான் சொன்னது இந்தப் பக்கத்தை வைத்துத்தான். பெலாஜியுஸின் சபையில் குணமானவர்கள் மட்டுமே இருக்க முடியும்.

கிழக்கு வாசல் சொன்ன அடக்குமுறை விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. சத்திரத்துக்குள் ஆளைக் கட்டி இழுத்து வருவது சமாரியனின் வேலை இல்லை.

மூன்றாம் வார்டு:

நன்றி தம்பி. 'முடிந்ததைச் செய், முடியாததைக் கேள்' என்பதை எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்குக் கடவுளிடம் கேட்பதைவிடப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்பது கஷ்டம். அதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஈரோட்டுக்காரன்:

அக்கா சொன்ன கடைசி வரிக்காகவே நான் இந்த இழையில் இருக்கிறேன். கேட்கத் தெரிவது ஒரு பலம் என்பதை நம்பிக்கை இல்லாத நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் பெலாஜியுஸை முடிவில் வாதத்தால் வென்றார்களா, அதிகாரத்தால் வென்றார்களா? எனக்குத் தெரிந்தவரை அரசாணைதான் அவரை விரட்டியது.

பனையோலை:

இரண்டும் நடந்தது. 418 ஏப்ரல் 30-இல் பேரரசர் ஹொனோரியுஸ் அவரை ரோமிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டார். மறுநாள் மே 1-இல் கார்த்தேஜில் ஆப்பிரிக்க ஆயர்கள் கூடித் தீர்மானங்கள் போட்டார்கள். முதலில் பெலாஜியுஸ் பக்கம் சாய்ந்திருந்த திருத்தந்தை சோசிமுஸும் அந்த ஆண்டே கண்டனக் கடிதம் அனுப்பினார். அதில் கையெழுத்திட மறுத்த பதினெட்டு ஆயர்கள் ஜூலியனோடு நாடு கடத்தப்பட்டார்கள். அரசாணை இல்லாமலே இந்த வாதம் நடந்திருக்க வேண்டும். அகுஸ்தீனுக்கு அந்த ஆணை தேவைப்பட்டிருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அத்தோடு பெலாஜியுஸின் எழுத்து அழிந்துவிடவில்லை. பவுலின் கடிதங்களுக்கு அவர் எழுதிய விளக்கவுரை, விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமின் பெயரில் படியெடுக்கப்பட்டு நூற்றாண்டுகளாக மடங்களில் வாசிக்கப்பட்டது. அவரை யாரைவிடவும் கடுமையாக ஏசியவர் ஜெரோம். டெமெத்ரியாஸ் கடிதம் இன்றும் முழுதாகக் கிடைக்கிறது. நீங்கள் அதைப் படித்துவிட்டு வாருங்கள் ஈரோட்டுக்காரரே, பத்தி பத்தியாகப் பேசுவோம். அதன் தொடக்கப் பகுதியில் கிறிஸ்துவை அறியாத பழங்காலத் தத்துவஞானிகளின் ஒழுக்கத்தை அவர் புகழும் இடத்தில் உங்களுக்கும் எனக்கும் சண்டை வராது.